மண் பலகையைப் படித்த தொழிலாளி

லண்டன் நகரம். மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

அச்சுக்கூடத்தில் வேலை நிற்கிறது. தொழிலாளர்கள் சாப்பிடப் போகிறார்கள். ஒரு வாலிபன் மட்டும் விறுவிறு என்று வேறு பக்கம் நடக்கிறான்.

அவன் போவது சாப்பாட்டுக் கடைக்கு அல்ல. பிரிட்டிஷ் பொருட்காட்சி சாலைக்கு!

அங்கே உடைந்த களிமண் துண்டுகள் வைக்கப்பட்டு இருக்கின்றன. அவற்றின் மேல், ஈர மண்ணில் கோழி நடந்த தடம் போலச் சிறு சிறு கீறல்கள். வாலிபன் அந்தக் கீறல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். நேரம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பி ஓடுகிறான்.

மறுநாளும் வருகிறான். அதற்கு அடுத்த நாளும் வருகிறான்.

அந்த வாலிபன் பெயர் ஜார்ஜ் ஸ்மித். பல ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் பிரதம மந்திரியே அவருடைய பேச்சைக் கேட்க வந்து உட்கார்ந்தார். அது எப்படி நடந்தது? அந்தக் கதைதான் இது.

14 வயதில் வேலை

ஸ்மித் 1840-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி லண்டனில் செல்சி என்ற பகுதியில் பிறந்தார். உழைத்துப் பிழைக்கும் குடும்பம். 14-வது வயதில் அவரை ஓர் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்த்தார்கள்.

என்ன தொழில்? பணநோட்டு அச்சடிப்பதற்கான தகடுகளில் படமும் எழுத்தும் செதுக்குகிற தொழில்.

வீட்டில் ஒரு ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். எத்தனை நுணுக்கமான கோடுகள்! கள்ள நோட்டு அடிக்க முடியாதபடி, மயிரிழை மயிரிழையாகக் கோடு போட வேண்டும். ஒரு கோடு பிசகினால் தகடு வீண். இந்த வேலைக்குக் கூர்மையான கண் வேண்டும். நிறையப் பொறுமையும் வேண்டும்.

இரண்டும் ஸ்மித்திடம் இருந்தன. பின்னால் அவருக்குப் பெரிய உதவியாக வந்தவையும் அந்த இரண்டும்தான்.

பைபிளில் வரும் ஊர்

ஸ்மித் தேடித் தேடிப் பார்த்த மண் துண்டுகள் எங்கிருந்து வந்தவை? நினிவே நகரத்தில் இருந்து வந்தவை.

நினிவே, அசீரியப் பேரரசின் தலைநகரம். பைபிளைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். நினிவேக்குப் போய் அந்த ஜனங்களை எச்சரிக்கும்படி யோனா தீர்க்கதரிசிக்குக் கடவுள் கட்டளை இடுகிறார். யோனா கப்பல் ஏறி ஓடுகிறார். பெரிய மீன் ஒன்று அவரை விழுங்குகிறது. மூன்று நாள் கழித்துக் கரையில் கக்குகிறது. கடைசியில் யோனா நினிவேக்கே போகிறார்.

எருசலேம் நகரத்தை முற்றுகை இட்ட சனகெரிப் மன்னனின் ஊரும் இதுதான்.

அவ்வளவு பெரிய நகரம், கி.மு. 612-ல் அழிந்தது. பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து வந்து கொளுத்தினார்கள். அதன் மேல் மண் மூடியது. புல் முளைத்தது. ஆடு மேய்ந்தது. இங்கே ஒரு தலைநகரம் இருந்தது என்றால், அடையாளம் காட்ட ஒரு தூண்கூட வெளியே இல்லை.

ஈராக் நாட்டில், டைகிரிஸ் ஆற்றின் கரையில் மோசூல் என்ற ஊர் இருக்கிறது. அதற்கு எதிர்க்கரையில் இரண்டு பெரிய மண்மேடுகள். ஒன்றின் பெயர் குயுஞ்சிக். மற்றதன் பெயர் நெபி யூனுஸ். அவைதான் நினிவே!

லேயார்ட் என்ற ஆங்கிலேயர் குயுஞ்சிக் மேட்டைத் தோண்டினார். சனகெரிப்பின் அரண்மனை வெளிப்பட்டது. பிறகு 1853-ல், மோசூலிலேயே பிறந்த ஹோர்முஸ்த் ரசாம் என்பவர் தோண்டினார். சனகெரிப்பின் பேரனான அசுர்பானிபால் மன்னனின் அரண்மனை வெளிப்பட்டது.

இந்த இரண்டு அரண்மனைகளிலும் தரை எங்கும் களிமண் பலகைகள் சிதறிக் கிடந்தன. அவைதான் அசுர்பானிபாலின் புத்தக சாலை!

நெருப்பு காப்பாற்றிய ஏடுகள்

அசுர்பானிபால் எழுதப் படிக்கத் தெரிந்த மன்னன். அதைப் பற்றி அவனுக்கு ரொம்பப் பெருமை. நாட்டில் உள்ள கோவில்களில் எல்லாம் ஆள் அனுப்பி, பழைய ஏடுகளைத் திரட்டினான். புதிதாகப் பிரதி எடுக்கச் சொன்னான்.

அந்தக் காலத்தில் காகிதம் கிடையாது. ஈரக் களிமண்ணைப் பலகையாகத் தட்டி, நாணல் குச்சியால் அழுத்தி எழுதினார்கள். ஒவ்வொரு அழுத்தமும் ஓர் ஆப்பு போலப் பதியும். அதனால்தான் அதற்கு ஆப்பு எழுத்து என்று பெயர்.

பகைவர்கள் அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். நமது பனை ஓலைச் சுவடியாக இருந்தால் சாம்பலாகி இருக்கும். இது மண் அல்லவா? தீயில் வெந்து, செங்கல் போல் இறுகிவிட்டது. நாட்டை அழித்த நெருப்பே, அதன் ஏடுகளைக் காப்பாற்றிக் கொடுத்தது.

சுமார் 30 ஆயிரம் பலகைகளும் துண்டுகளும் லண்டனுக்கு வந்து சேர்ந்தன. ஒரு பலகை பத்துத் துண்டாக உடைந்து, பத்துப் பெட்டியில் கிடக்கும். எதனோடு எது சேரும் என்று யாருக்கும் தெரியாது.

தானாகப் படித்தார்

ஆப்பு எழுத்தைப் படிக்கும் வழியைச் சில அறிஞர்கள் அப்போதுதான் கண்டுபிடித்து இருந்தார்கள். 1857-ல் ஒரே கல்வெட்டை நான்கு அறிஞர்களிடம் தனித்தனியே கொடுத்து, சோதனை செய்தார்கள். நால்வர் சொன்ன பொருளும் பெரும்பாலும் ஒத்து இருந்தது. அதன் பிறகே உலகம் நம்பியது.

அப்போது ஸ்மித்துக்கு 17 வயது.

அவருக்குக் கல்லூரிப் படிப்பு கிடையாது. வாத்தியார் கிடையாது. அறிஞர்கள் எழுதிய புத்தகங்களைத் தேடிப் படித்தார். பகலில் தகடு செதுக்கினார். இரவில் ஆப்பு எழுத்து பழகினார்.

பொருட்காட்சி சாலை அதிகாரிகள் அவரைக் கவனித்தார்கள். இவன் சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவன் அல்ல என்று தெரிந்துகொண்டார்கள். மாலை வேளைகளில் வந்து துண்டுகளைத் துடைத்து, பிரித்து வைக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

அங்கேதான் அச்சுக்கூடப் பயிற்சி கைகொடுத்தது. படித்த அறிஞர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றுமை, ஸ்மித் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தக் கீறலும் அந்தக் கீறலும் ஒரே கை எழுதியவை என்று கண்டுபிடிப்பார். இரண்டு துண்டுகளையும் பொருத்துவார். ஒட்டிக்கொள்ளும்!

1866-ல் அவர் ஒரு முக்கியமான செய்தியைக் கண்டுபிடித்தார். இஸ்ரவேல் நாட்டு மன்னன் யெகூ, அசீரிய மன்னனுக்குக் கப்பம் கட்டிய ஆண்டு எது என்று ஒரு கல்வெட்டில் இருந்து எடுத்துச் சொன்னார். பைபிளில் வரும் மன்னன் அவன். அடுத்த ஆண்டே ஸ்மித்துக்குப் பொருட்காட்சி சாலையில் உத்தியோகம் கிடைத்தது.

இதற்குள் அவருக்குக் கலியாணம் ஆகி இருந்தது. மனைவி பெயர் மேரி. பிள்ளைகள் பிறந்தார்கள். குடும்பம் பெரிதாயிற்று.

வெள்ளக் கதை

1872-ம் ஆண்டு. ஸ்மித்தின் கையில் ஒரு பெரிய பலகைத் துண்டு இருந்தது. பாதி எழுத்தைக் கெட்டியான அழுக்கு மூடி இருந்தது.

தெரிந்த மட்டும் படித்தார். ஒரு கப்பல், மலை மேல் தட்டி நிற்கிறது. கப்பலில் இருந்து ஒரு புறாவைப் பறக்க விடுகிறார்கள். அது உட்கார இடம் இல்லாமல் திரும்பி வருகிறது.

ஸ்மித்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது நோவாவின் கதை அல்லவா!

உலகத்தில் அக்கிரமம் பெருகியதால் கடவுள் வெள்ளத்தை அனுப்பினார். நல்லவரான நோவா மட்டும் பேழை கட்டி, குடும்பத்தையும் பிராணிகளையும் ஏற்றிக்கொண்டு தப்பினார். பேழை அரராத் மலையில் தங்கியது. நோவா காகத்தையும் புறாவையும் விட்டுப் பார்த்தார். பைபிளில் உள்ள கதை இது.

அந்தப் பலகையைச் சுத்தம் செய்யக்கூடிய நிபுணர் அப்போது ஊரில் இல்லை. ஸ்மித் துடித்துக்கொண்டு காத்திருந்தாராம். நிபுணர் வந்து அழுக்கை நீக்கிக் கொடுத்தார். ஸ்மித் படித்தார். படிக்கப் படிக்க ஆனந்தம் தாங்கவில்லை. எழுந்து அறையைச் சுற்றி ஓடினார். சட்டையைக்கூடக் கழற்ற ஆரம்பித்துவிட்டார் என்று, பின்னாளில் அங்கே வேலை பார்த்த ஒருவர் எழுதி வைத்து இருக்கிறார்.

பலகையில் இருந்த கதை இதுதான்:

தெய்வங்கள் கூடி, உலகத்தை வெள்ளத்தால் அழிக்கத் தீர்மானித்தன. ஏயா என்ற தெய்வத்துக்கு மட்டும் இரக்கம். அது உட்னபிஷ்டிம் என்ற மனிதனுக்கு இரகசியமாக எச்சரிக்கை கொடுத்தது. அவன் கப்பல் கட்டினான். எல்லா உயிர்களின் வித்தையும் ஏற்றினான். ஆறு நாள் ஓயாத புயல். தெய்வங்களே பயந்து வானத்தின் உச்சிக்கு ஓடிவிட்டன. இஷ்டார் என்ற பெண் தெய்வம், தன் மக்கள் சாகிறார்களே என்று கதறியது. ஏழாம் நாள் புயல் ஓய்ந்தது. அவன் புறாவை விட்டான், பிறகு தகைவிலான் குருவி, பிறகு காகம். காகம் திரும்பவில்லை. தரை தெரிந்துவிட்டது என்று அறிந்து, வெளியே வந்து பலி கொடுத்தான்.

பிரதம மந்திரி வந்தார்

1872 டிசம்பர் 3-ந் தேதி, பைபிள் கால ஆராய்ச்சிச் சங்கத்தில் ஸ்மித் இதைப் படித்தார். பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் நேரில் வந்து கேட்டார்.

பத்திரிகைகளில் பெரிய செய்தி! ஊர் முழுவதும் இதே பேச்சு. பைபிள் கதை உண்மை என்பதற்கு இதோ சாட்சி என்று ஒரு சாரார் மகிழ்ந்தார்கள். அப்படியானால், பல தெய்வங்களைக் கும்பிட்டவர்களின் கதையைப் பார்த்து எழுதியதா என்று மறு சாரார் கேட்டார்கள்.

ஸ்மித் என்ன செய்தார்? இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றுபோல் இருப்பது எது, மாறி இருப்பது எது என்று வரி வரியாகக் காட்டினார். பைபிளில் கடவுள் ஒருவர். பலகையில் தெய்வங்கள் பல. பைபிளில் மழை 40 நாள். பலகையில் புயல் ஆறு நாள். ஒன்றை உயர்த்துவதற்காக மற்றதை அவர் மறைக்கவில்லை.

ஆயிரம் கினி

பலகையில் சில வரிகள் இல்லை. உடைந்துபோன துண்டு நினிவே மண்ணிலேயே கிடக்க வேண்டும். யார் போய்த் தேடுவது?

லண்டனில் டெய்லி டெலிகிராப் என்ற பத்திரிகை முன்வந்தது. ஸ்மித்தே போகட்டும், 1,000 கினி தருகிறோம் என்று அறிவித்தது. இந்த ஏற்பாட்டுக்கு முன்னால் நின்றவர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் எட்வின் ஆர்னால்டு. இவர் நமக்குப் புதியவர் அல்ல. புத்தர் வரலாற்றைப் பின்னர் ஆங்கிலத்தில் கவிதையாக எழுதியவர். அதைத் தழுவித்தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ஆசிய ஜோதி பாடினார்.

1873 ஜனவரியில் ஸ்மித் புறப்பட்டார். கடல் கடந்து, குதிரை ஏறி, மார்ச் மாதம் மோசூல் சேர்ந்தார். புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த நினிவே, கண்ணுக்கு எதிரே!

ஆனால் தோண்ட முடியவில்லை. அந்த நாடு துருக்கி சுல்தான் ஆட்சியில் இருந்தது. அனுமதிக் கடிதம் வரவில்லை. காத்திருந்த நாட்களில், ஸ்மித் தெற்கே பாபிலோன் பக்கம் போய் வந்தார்.

மேட்டுக்குள் மேடு

பைபிள் ஊர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இங்கே ஓர் அதிசயம் காத்திருக்கிறது. எந்த இடத்தைத் தொட்டாலும், அடியில் வேறு ஒரு வழிபாடு தெரியும்.

பாபிலோனுக்குச் சற்றுத் தூரத்தில், பீர்ஸ் நிம்ருத் என்று ஓர் இடிந்த கோபுரம் நிற்கிறது. வானத்தைத் தொட மனிதர்கள் கட்டிய பாபேல் கோபுரம் இதுதான் என்று யாத்திரிகர்கள் வெகுகாலம் நம்பினார்கள். அங்கே கிடைத்த எழுத்துகளைப் படித்தபோது உண்மை தெரிந்தது. அது நாபு என்ற தெய்வத்தின் கோவில் கோபுரம். நாபு யார்? எழுத்துக்கும் கல்விக்கும் தெய்வம். நமக்குக் கலைமகள்போல அவர்களுக்கு நாபு.

நினிவேயும் அப்படித்தான். நெபி யூனுஸ் என்றால் யோனா தீர்க்கதரிசி என்று பொருள். அந்த மேட்டின் மேல் யோனாவின் பெயரால் ஒரு மசூதி இருந்தது. அவருடைய சமாதி அங்கே இருப்பதாக நம்பி, முஸ்லிம்கள் தொழுதார்கள். அதற்கு முன்பு அதே இடத்தில் கிறிஸ்தவ மடம் இருந்தது. அதற்கும் கீழே, அசீரிய மன்னர்களின் அரண்மனை!

யோனா எச்சரித்த நகரமே, யோனாவைத் தன் தலைமேல் தாங்கிக்கொண்டு இருந்தது.

எட்டாம் நாள்

ஏப்ரலில் அனுமதி வந்தது. பைபிளில் காலாகு என்று சொல்லப்படும் நிம்ருத் மேட்டில் முதலில் தோண்டினார். மே 7-ந் தேதி குயுஞ்சிக்கில் வேலை தொடங்கியது.

மே 14-ந் தேதி மாலை. அன்று கிடைத்த துண்டுகளை எடுத்துவைத்து, ஒவ்வொன்றாக மண்ணைத் துடைத்துப் பார்த்தார். ஒரு துண்டில் 17 வரி. படித்தார். கப்பல் கட்டும்படி கட்டளை, அதில் எதை எதை ஏற்றவேண்டும் என்ற விவரம்... வெள்ளக் கதை!

இத்தனை ஆயிரம் துண்டுகளில், தேடி வந்த துண்டு எட்டாவது நாளே கையில் கிடைத்தது.

லண்டனுக்குத் தந்தி பறந்தது. ஆனால் விளைவு வேறாக இருந்தது. தேடியது கிடைத்துவிட்டது, இனி வேலை போதும் என்று பத்திரிகை நிறுத்திவிட்டது. இன்னும் தோண்ட ஆசைப்பட்ட ஸ்மித், மனம் இல்லாமல் திரும்பினார்.

பிற்காலத்தில் ஓர் உண்மை வெளிப்பட்டது. அந்தத் துண்டு, பழைய பலகையைச் சேர்ந்தது அல்ல. அதைவிடப் பழமையான இன்னொரு வெள்ளக் கதையின் பகுதி அது. அதற்கு அத்ரஹாசிஸ் கதை என்று பெயர். ஆக, ஒரே கதையை அந்த நாட்டு மக்கள் பல காலம், பல விதமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

1874-ல் பொருட்காட்சி சாலையே ஸ்மித்தை மறுபடி நினிவேக்கு அனுப்பியது. ஏராளமான துண்டுகளுடன் திரும்பினார். இரவு பகலாக உட்கார்ந்து புத்தகங்கள் எழுதினார்.

திரும்பாத பயணம்

1875 கடைசியில் மூன்றாவது பயணம். மேரியிடமும் பிள்ளைகளிடமும் விடைபெற்றுப் புறப்பட்டார்.

இந்த முறை எல்லாமே தடை. அனுமதிக்காகத் துருக்கித் தலைநகரில் மாதக்கணக்கில் காத்திருந்தார். 1876-ல் உள்நாட்டுக்குப் போனபோது, கொள்ளை நோய் பரவி இருந்தது. கூட வந்த பின்லாந்து நாட்டு அறிஞர் வழியிலேயே இறந்துபோனார். கோடை வெயில் கொளுத்தியது. மேட்டில் மண்வெட்டி போட முடியவில்லை.

அந்தத் துன்பத்திலும் ஸ்மித் சும்மா இருக்கவில்லை. யூப்ரடிஸ் ஆற்றங்கரையில் ஜெராப்லுஸ் என்ற இடத்தைப் பார்த்தார். பைபிளில் போர்க்களமாக வரும் கர்கேமிஷ் நகரம் இதுதான் என்று கண்டுகொண்டார். அது சரி என்று பின்னால் நிரூபணம் ஆயிற்று.

ஊர் திரும்பும் வழியில், ஆகஸ்டு மாத வெயிலில், சீதபேதி கண்டது. சுற்றிலும் வறண்ட நிலம். பக்கத்தில் டாக்டர் இல்லை. ஒரு சிறு கிராமத்தில் படுத்துவிட்டார். குதிரை ஏற முடியவில்லை. நண்பர்கள் செய்தி அறிந்து, அவரை அலெப்போ நகரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்தார்கள்.

காலம் கடந்துவிட்டது. 1876-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி ஜார்ஜ் ஸ்மித் காலமானார். வயது 36. மேரி, பிள்ளைகளோடு நின்றார். அந்தக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 150 பவுன் உதவித்தொகை கொடுக்க அரசாங்கம் ஏற்பாடு செய்தது.

அழிந்ததும் அழியாததும்

ஸ்மித் படித்த பலகை, ஒரு பெரிய காவியத்தின் 11-வது ஏடு. அதன் நாயகன் பெயரை ஸ்மித் இஸ்துபார் என்று வாசித்தார். கில்காமேஷ் என்பதே சரியான பெயர் என்று 1890-ல் தெரியவந்தது. இன்று உலகத்தின் மிகப் பழைய காவியங்களில் ஒன்றாக அதைப் போற்றுகிறார்கள்.

நெபி யூனுஸ் மேட்டில் இருந்த யோனா மசூதியை, 2014-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி தீவிரவாதிகள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கீழே சுரங்கம் தோண்டிப் பழம்பொருள்களையும் திருடினார்கள். 2017-ல் அந்தப் பகுதி மீட்கப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் சுரங்கத்தில் இறங்கினார்கள். சனகெரிப்பின் மகன் எசரத்தோன் காலத்து எழுத்துகள் அங்கே சுவரில் இருந்தன!

ஒரு கூட்டம் தீ வைத்தது, ஏடு கெட்டியாயிற்று. ஒரு கூட்டம் வெடி வைத்தது. எழுத்து வெளியே வந்தது.

ஸ்மித் ஏழைத் தொழிலாளி. 14 வயதில் பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனாலும், சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடித்து ஓர் எழுத்தைக் கற்றார். இரண்டாயிரம் ஆண்டுகளாக யாரும் படிக்காத ஒரு கதையை, அந்த எழுத்து அவருக்குச் சொன்னது.

அவர் துடைத்து எடுத்த மண் பலகை, இன்றும் அதே பிரிட்டிஷ் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. அது இருக்கும் வரை, அந்த அச்சுக்கூடத் தொழிலாளியின் பெயரும் இருக்கும்.